அம்மாவின் மூட்டும் ஆறு சிலிண்டரும்

2023 டிசம்பரில் அப்பாவும் அம்மாவும் முதல்முறையாக ஷார்ஜா வந்தபோது, விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு இரண்டு வண்டிகளில் போனோம். எங்களிடம் இருந்தது ஒரு சின்ன செடான். நான், கணவர், எட்டு வயது மகள், மூன்று வயது மகன், வந்த இருவர் என ஆறு பேர். மகனுக்குக் குழந்தை சீட் கட்டாயம். நான்கு வயதுக்குக் கீழே இருந்தால் இங்கே சட்டமே அப்படித்தான். பத்து வயது ஆகாத பிள்ளையை முன்சீட்டில் உட்கார வைக்கவும் கூடாது. ஊரில் மாதிரி மடியில் ஒன்று, கியர் பக்கத்தில் ஒன்று என்று அடைக்க வழியில்லை. அம்மாவையும் பிள்ளைகளையும் நான் ஏற்றிக்கொண்டேன். அப்பாவும் என் கணவரும் கயிறு கட்டிய அட்டைப்பெட்டியோடு டாக்ஸியில் பின்னால் வந்தார்கள். இறங்கியதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா, இங்க பஸ்ஸே கிடையாதா?"

அப்பா அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் டிரைவராக இருந்து ஓய்வுபெற்றவர். பஸ் இருக்கிற ஊரில் டாக்ஸிக்குக் காசு கொடுப்பதை அவரால் தாங்கிக்கொள்ள முடியாது.

அந்த அறுபது நாளும் இதே கதைதான். எங்கே கிளம்பினாலும் ஒரு ஆள் அதிகம். முதல் வாரம் டாக்ஸி பிடித்தோம். இரண்டாவது வாரத்திலிருந்து அம்மா தானாகவே, "நீங்க போய்ட்டு வாங்க, எனக்கு மூட்டு வலிக்கி, நான் வீட்ல கிடக்கேன்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். மூட்டு வலி பொய் இல்லை. ஆனால் அவள் சொன்ன காரணம் அது இல்லை என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கடல் கடந்து மகள் வீட்டுக்கு வந்தவள் அல் நஹ்தாவில் ஏழாவது மாடி பால்கனியில் நின்று எதிர்த்த கட்டிடத்தின் பால்கனியை எண்ணிக்கொண்டிருந்தாள். அவர்களை ஊருக்கு அனுப்பிவிட்டு வந்த இரவே கணவரிடம் சொல்லிவிட்டேன், அடுத்த தடவைக்குள் ஏழு சீட் வண்டி என்று. சரி என்றார். இந்த மாதிரி 'சரி' எல்லாம் இரண்டு மூன்று வருடம் இழுக்கும். வானம் அதைச் சுருக்கிவிட்டது.

2024 ஏப்ரல் 16. அமீரகத்தில் இருந்தவர்கள் யாரும் அந்தத் தேதியை மறக்க மாட்டார்கள். அல் ஐன் பக்கம் கத்ம் அல் ஷக்லா என்ற இடத்தில் ஒரே நாளுக்குள் 254 மில்லிமீட்டர் கொட்டியது. பதிவேடு வைக்க ஆரம்பித்த 1949க்குப் பிறகு இந்த நாடு அப்படி ஒரு மழையைப் பார்த்ததில்லை. எங்கள் கட்டிடத்துக்கு எதிரே இருக்கும் மணல் பார்க்கிங் குளமாகிவிட்டது. அதில் எங்கள் செடான் கண்ணாடி வரை முங்கிக் கிடந்ததை மேலிருந்து பார்த்தேன். மகன் கைதட்டி, "நம்ம காரு குளிக்குதும்மா" என்றான். மூன்றாவது நாள் தண்ணீர் வடிந்து கதவைத் திறந்தபோது வந்த நாற்றம்... அதை விடுங்கள். காப்பீட்டில் இயற்கைச் சீற்றத்துக்கும் சேர்த்து எடுத்திருந்ததால் 'டோட்டல் லாஸ்' என்று முடித்துப் பணம் கொடுத்தார்கள். அந்தச் சின்ன வரி பாலிசியில் இல்லாத இரண்டு வீட்டாரை எனக்குத் தெரியும். முழுக் காப்பீடு வைத்திருப்பவர்கள் அந்தத் தாளை ஒருமுறை எடுத்துப் படித்துவிடுங்கள்.

அப்புறம் ஆரம்பித்தது தேடல்.

எங்கள் தமிழ் வாட்ஸப் குழுவில் எந்த வண்டி வாங்கலாம் என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: டொயோட்டா பிராடோ. கேட்டவர் பேச்சிலரா, பிள்ளைகுட்டிக்காரரா, சம்பளம் என்ன என்று யாரும் விசாரிப்பதில்லை. "பிராடோ வாங்குனா பேங்க்ல போட்ட மாதிரி" என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. டொயோட்டா இங்கே 1955லிருந்து விற்கிறது. எண்ணெய்ப் பணம் வருவதற்கும் முன்னால். மணலிலும் மலையிலும் எழுபது வருடம் உழைத்துச் சம்பாதித்த பெயர். ஓடித் தேய்ந்த பிராடோவுக்குக்கூட ஆப்பிரிக்காவில் ஆள் இருக்கிறது என்பதால் விலை இறங்குவதே இல்லை. விலை இறங்காது என்பதற்கு இன்னொரு அர்த்தம், நாம் வாங்கும்போதும் இறங்காது.

அடுத்த கட்சி மிட்சுபிஷி பஜேரோ. 2021ல் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள், ஆனாலும் ஷார்ஜா தெருவில் பத்து நிமிடம் நின்றால் நாலு பஜேரோ போகும். மூன்றாவது கட்சி நிசான் பேட்ரோல். அதைப் பற்றி இங்கே ஒரு பழைய ஜோக், பெயரிலேயே பெட்ரோலை வைத்துவிட்டார்கள், அப்புறம் குடிக்கிறது என்று குறை சொன்னால் எப்படி? 2015 ஆகஸ்டிலிருந்து இங்கே பெட்ரோல் விலை மாதாமாதம் மாறுகிறது. 2022 ஜூலையில் 98 ஆக்டேன் லிட்டர் 4 திர்ஹம் 63 காசு வரை போனபோது, பேட்ரோல்காரர்கள் ஜோக் சொல்வதை நிறுத்தியிருந்தார்கள்.

கணவர் பிராடோ கட்சி. அவர் வாதம் மூன்று: சலாலா, பாலைவனம், மலை. சலாலா ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் சொச்சம் இருக்கும். கரீஃப் மழைக்காலத்தில் நம் ஆட்கள் தென்காசிச் சாரலை நினைத்துக்கொண்டு படையெடுக்கிற ஊர். ஆனால் போகிற வழி முழுக்கத் தார்ரோடு. ஓமன் எல்லையைத் தாண்ட ஆரஞ்சு கார்டு காப்பீடு வேண்டும், ஃபோர் வீல் டிரைவ் வேண்டாம். ஜெபல் ஜைஸ் மலைக்கும் அப்படியே. ஓமனில் ஜெபல் அக்தர் மலையடிவாரத்தில் மட்டும் போலீஸ் செக்போஸ்ட் வைத்து, ஃபோர் வீல் இல்லாத வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பாலைவனத்துக்கு நாங்கள் ஒன்பது வருடத்தில் போனது ஒரே தடவை. அல் பதாயரில் அந்தச் சிவப்பு மணல்மேட்டின் கீழே வண்டியை நிறுத்தி, பிள்ளைகளைச் சறுக்கவிட்டு, கரக் சாயா குடித்துவிட்டு வந்தோம். மற்றபடி எங்கள் குடும்பத்தின் ஆஃப்ரோடு அனுபவம் முழுவதும் வீட்டுக்கு எதிரே உள்ள மணல் பார்க்கிங்கில் நடந்ததுதான்.

இதை நான் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

அம்மாவின் மூட்டைப் பற்றி யோசிக்கத் தொடங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நண்பர் ஒருவரின் பிராடோவில் அவருடைய மாமியார் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கை கதவில், ஒரு கை மேலே உள்ள பிடியில், ஒரு கால் பக்கப்படியில். அந்த நிலையிலேயே மூச்சு வாங்க நின்றுவிட்டார். பின்னால் மருமகன் தாங்கலாமா கூடாதா என்று தெரியாமல் கையை நீட்டியபடி நின்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. என் அம்மா இதில் ஏற மாட்டாள். ஏறச் சொன்னால், "நான் வீட்ல கிடக்கேன்" என்பாள்.

அன்றிரவு அப்பாவை வீடியோவில் கூப்பிட்டு, ஏன் இந்த வண்டிகள் இவ்வளவு உயரம் என்று கேட்டேன். அவருக்குக் குரலே மாறிவிட்டது. முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்தவரிடம் மகள் கேட்ட முதல் தொழில் கேள்வி! "அது லாரி மாதிரிம்மா. கீழ ஏணி கணக்கா ரெண்டு நீளச் சட்டம் ஓடும், அதுதான் சேசிஸ். அதுக்கு மேலதான் பாடியத் தூக்கி வச்சிருப்பான். தரை எப்படித் தாழும்? காருன்னா பாடியே சேசிஸு. தனியாச் சட்டம் கிடையாது. அதான் தரை தாழ்ந்து இருக்கும்." லேடர் ஃபிரேம், மோனோகாக் என்று நான் இணையத்தில் ஒரு வாரம் படித்ததை அரை நிமிடத்தில் முடித்துவிட்டார். பாறையிலும் மணலிலும் அடிபடுகிற வண்டிக்கு அந்தச் சட்டம் வேண்டும். ஆறு பேரைப் பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் கூட்டிப்போக வேண்டாம்.

"சரிப்பா, அம்மா எவ்வளவு உயரத்துல கஷ்டப்படாம உட்காருவா?"

"இரு, சொல்லுதேன்" என்று வைத்துவிட்டார். மறுநாள் காலையில் வாட்ஸப்பில் ஒரு தாளின் படம் வந்தது. டிரிப் ஷீட் எழுதிய அதே கையெழுத்து. சாப்பாட்டு நாற்காலி 18 அங்குலம்: உட்காருகிறாள், எழுந்திரிக்கக் கை வேண்டும். கட்டில் 22: பரவாயில்லை. தார்சாத் திண்ணை 28: சாய்ந்தால் உட்கார்ந்துவிடுகிறாள், கையில்லாமல் எழுந்திரிக்கிறாள். மாட்டுத்தொட்டி விளிம்பு 33: முடியவில்லை, திட்டுகிறாள்.

அந்தத் தாளைப் பார்த்தபிறகுதான் ஒன்று புரிந்தது. பழைய செடானில் அம்மா பட்டபாடு உயரத்தால் இல்லை, தாழ்வால். சீட் இருபத்தொரு அங்குலத்தில் இருந்தது. ஒவ்வொரு முறையும் பள்ளத்தில் இறங்குவது மாதிரி விழுந்து, கிணற்றிலிருந்து ஏறுவது மாதிரி எழுந்தாள். பிராடோவில் மலையேற வேண்டும். அவளுக்கு வேண்டியது திண்ணை. நின்ற நிலையில் பின்பக்கம் திரும்பி, சாய்ந்து உட்கார்ந்து, அப்புறம் காலை உள்ளே திருப்பிக்கொள்ளும் உயரம்.

கைப்பையில் இஞ்ச் டேப்போடு அலைய ஆரம்பித்தேன். ஷார்ஜாவில் அபு ஷகாராவில் இருந்த பழைய கார் கடைகளை எல்லாம் ஊருக்கு வெளியே சூக் அல் ஹராஜுக்கு மாற்றிப் பத்து வருடம் ஆகிறது. துபாய் பக்கம் ராஸ் அல் கோர். ஆகஸ்ட் வெயிலில் இரண்டையும் சுற்றினேன். விற்கிறவர்கள் பானட்டைத் திறந்து காட்டுவார்கள், நான் பின்கதவைத் திறந்து தரையிலிருந்து சீட் வரை அளப்பேன். ஒரு பட்டாணியக் கிழவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தையல்காரம்மாவா?" என்று இந்தியில் கேட்டார். பிராடோ என் டேப்பில் 33 காட்டியது, மாட்டுத்தொட்டி. பஜேரோவும் அதற்குப் பக்கத்தில்தான். எம்பிவி என்கிறார்களே, இனோவா வகை, அது திண்ணைக்குச் சரியாக இருந்தது. விலையும் குறைவு, பெட்ரோலும் குறைவு. நியாயமாகப் பார்த்தால் அதைத்தான் வாங்கியிருக்க வேண்டும். ஏழு பேர் உட்கார்ந்தால் இரண்டு சூட்கேஸுக்கு இடமில்லை என்று கணவர் சொன்னார், நானும் தலையாட்டினேன். உண்மை என்னவென்றால் அலுவலக பார்க்கிங்கில் அதை நிறுத்த இருவருக்குமே மனசு வரவில்லை. வளைகுடாவில் பத்து வருடம் இருந்தால் இந்த வியாதி வந்துவிடும்.

கடைசியில் பட்டியல் இரண்டு மூன்று மோனோகாக் எஸ்யூவிகளாகச் சுருங்கியது. அதற்குப் பிறகு மூன்றாவது வரிசைப் பரீட்சை. விளம்பரத்தில் மூன்றாவது வரிசையில் சிரித்த முகமாக இரண்டு குழந்தைகளைக் காட்டுவார்கள். எங்கள் வீட்டில் மகனின் சீட் நடுவரிசையில்தான் மாட்ட முடியும், அம்மா நடுவரிசை தாண்டிப் போக மாட்டாள், அப்பா முன்னால். அப்படியானால் பின்னால் மகளும் என் கணவரும். இதை அப்பாவிடம் சொன்னதும் பதறிவிட்டார். "மாப்பிள்ளையக் கொண்டுபோய் டிக்கியில உட்கார வைக்கவா? ஊருல தெரிஞ்சா காறித் துப்புவானுவோ." அதெல்லாம் இல்லப்பா, அவருக்குத் தூங்க வசதியாக இருக்கும் என்று சமாதானம் சொன்னேன். ஆனால் அந்த வார்த்தை என்னை உறுத்தியது. அதனால் பார்க்கப் போன எல்லா வண்டியிலும் ஐந்தடி ஒன்பது அங்குல மாப்பிள்ளையை மூன்றாவது வரிசையில் ஏற்றி, கதவைச் சாத்தி, மத்தியானம் இரண்டு மணிக்கு ஏசியைப் போட்டு, அவர் நெற்றியில் வேர்வை எப்போது நிற்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வெளியே நிற்பேன். ஒரு வண்டியில் பதினோரு நிமிடம் கழித்து அவரே கதவைத் தட்டினார். பின்சீட்டுக்கென்று தனியாகக் காற்றுத் துவாரம் இல்லாத வண்டியை இந்த நாட்டில் ஏழு சீட் வண்டி என்று விற்பதே தப்பு. ஐந்து சீட்டும் ஒரு தண்டனையும் என்று விற்கலாம்.

அந்த வருடம் பழைய வண்டி வாங்குவதில் இன்னொரு பயமும் இருந்தது. ஏப்ரலில் முங்கிய வண்டிகள் எல்லாம் எங்கே போயின? கழுவி, காயவைத்து, வாசனை தெளித்து, அவற்றில் கொஞ்சம் விற்பனைக்கு வந்திருந்தன. ஒரு ஷோரூமில் நான் கேட்ட விலைக்கே ஒரு வெள்ளை எஸ்யூவி கிடைத்தது. 29 அங்குலம், புது மேட், புது சீட் கவர், உள்ளே ஊதுபத்திக் கடை மாதிரி மணம். முன்பணத்துக்குக் கார்டைக்கூட எடுத்துவிட்டேன். அப்பா சொல்லி அனுப்பியது அப்போதுதான் ஞாபகம் வந்தது: "பெல்ட்ட முழுசா இழுத்துப் பாரு." நடுவரிசை சீட்பெல்ட்டை இழுத்தேன். இழுக்க இழுக்க வந்தது. கடைசி ஒரு முழம் வேறு நிறத்தில் இருந்தது. மேலே சாம்பல், கீழே தேநீர் கறை மாதிரி பழுப்பு, இரண்டுக்கும் நடுவில் கோடு போட்ட மாதிரி ஒரு விளிம்பு. நகத்தால் சுரண்டினேன். மெல்லிய மண் உதிர்ந்தது. விற்பனையாளர் சற்று முன்பு வரை தமிழ், மலையாளம், இந்தி மூன்றும் பேசிக்கொண்டிருந்தவர், எந்த மொழியிலும் பதில் சொல்லவில்லை. கார்டை உள்ளே வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். சீட் கவர் மாற்றுவார்கள், கார்பெட் மாற்றுவார்கள். சுருண்டு கிடக்கும் பெல்ட்டை யாரும் மாற்றுவதில்லை. இன்னும் இரண்டு இடம் பார்க்கலாம்: ஸ்டெப்னி டயரைத் தூக்கினால் அடியில் உள்ள குழி, சீட் நகரும் தண்டவாளத்தில் துரு.

எங்களுக்கு அமைந்தது 2018 ஹோண்டா பைலட், எட்டு சீட் எஸ்யூவி. ஒரு குடும்பம் ஊரோடு திரும்பிப் போவதால் நேரடியாக விற்றார்கள். 71,000 கிலோமீட்டர், வெள்ளை நிறம், விலை 62,000 திர்ஹம். நிறத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கோடையில் கருப்பு வண்டிக்குள் கைவைத்தால் தோசைக்கல், விற்கும்போதும் வெள்ளைக்குத்தான் ஆள் வரும். டேப் 29 காட்டியது. திண்ணைக்கு ஒரு அங்குலம் கூடுதல், அப்பா ஒப்புதல் கொடுத்தார். பின்னால் காற்று தலைக்கு மேலிருந்து வந்தது. மாப்பிள்ளைக்கு நாலு நிமிடத்தில் வேர்வை நின்றது.

இங்கேதான் என் தூக்கம் போனது. சேசிஸ் நம்பரைக் குறித்துக்கொண்டு வந்து பார்க்கிறேன், முதல் எழுத்து 5. இங்கே வண்டி வாங்குகிற எல்லோருக்கும் தெரிந்த சூத்திரம், ஜே என்று ஆரம்பித்தால் ஜப்பான், 1, 4, 5 என்றால் அமெரிக்கா. அமெரிக்க வண்டி என்றால் இங்கே பலர் பத்தடி தள்ளி நிற்பார்கள். அங்கே விபத்திலோ வெள்ளத்திலோ சிக்கி, காப்பீட்டுக் கம்பெனி கழித்துக்கட்டி, ஏலத்தில் போய், கப்பலேறி வந்து, பட்டி பார்த்துப் புதுசாக நிற்கிறவை அதில் நிறைய. வளைகுடாவுக்கென்று செய்கிற 'ஜிசிசி ஸ்பெக்' வண்டிக்கு ஏசியும் ரேடியேட்டரும் இந்தச் சூட்டைத் தாங்கும்படி அமைத்திருப்பார்கள். அமெரிக்காவுக்கென்று செய்ததில் அதை எதிர்பார்க்க முடியாது. விலை மூன்றில் ஒரு பங்கு குறைவாகக்கூடக் கிடைக்கும், திருப்பி விற்கும்போது அதைவிடக் குறையும்.

இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் சேட்டன் ஒருவர். மலப்புரத்துக்காரர். வண்டியை லிஃப்டில் ஏற்றி, அடியில் நின்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, டிரைவர் கதவைத் திறந்து உள்விளிம்பைக் காட்டினார். "மேடம், பைலட் எல்லாம் அமெரிக்காவில் அலபாமாவில்தான் உண்டாக்குவது. கம்பெனி கொண்டுவந்து இங்கே விற்றதும் அதே ஃபாக்டரி. நம்பர் அஞ்சில் தொடங்கும், பேடிக்க வேண்டா. மீட்டரில் மைல் உண்டோ பாருங்க, சர்வீஸ் புக் இந்த ஊர் கம்பெனியுடையதோ பாருங்க." மீட்டர் கிலோமீட்டரில் இருந்தது. சர்வீஸ் புத்தகம் முதல் ஆயிரம் கிலோமீட்டரிலிருந்து இங்கேயே முத்திரை குத்தியது. எங்கே பிறந்தது என்பது வேறு, எங்கே பிழைக்கத் தயாரித்து அனுப்பப்பட்டது என்பது வேறு. இதைச் சொன்ன சேட்டன் இருபத்தெட்டு வருடமாக ஷார்ஜாவில் இருக்கிறார்.

அவரே டயரைத் தடவிப் பார்த்து நாலு இலக்கத்தைக் காட்டினார்: 2219. அதாவது 2019ஆம் வருடம் 22ஆவது வாரம் செய்த டயர். ஐந்து வருடம் தாண்டிய டயரோடு போனால் வருடாந்திரச் சோதனையில் முல்கியாவை, அதாவது வண்டிப் பதிவை, புதுப்பிக்க விடமாட்டார்கள். தேயாத பட்டன், அதாவது டயரின் மேல்வரி, எவ்வளவு இருந்தாலும் சரி. கோடையில் ரோட்டோரம் கிழிந்து கிடக்கும் டயர் துண்டுகளைப் பார்த்தால் ஏன் என்று கேட்க மாட்டீர்கள். அதைக் காட்டி விலையில் ஆயிரத்து ஐந்நூறு குறைத்தோம். 60,500.

கடன் பற்றிச் சுருக்கமாக. மத்திய வங்கி விதிப்படி வண்டி மதிப்பில் எண்பது சதவீதம்தான் கடன் கிடைக்கும், அதிகபட்சம் அறுபது மாதம். வங்கிக்காரர் "மூன்றே சதவீதம் மேடம்" என்பார். அது ஃப்ளாட் வட்டி. கட்டிக் கட்டிக் குறைந்துபோன அசலுக்கும் முதல் நாள் தொகைக்கே வட்டி போடுவது. நாலு வருடத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், குறையும் அசலின் மீது 5.7 சதவீதத்துக்குச் சமம். மோசமில்லை, ஆனால் மூன்றில்லை.

நான் முப்பத்தாறு மாதம் என்றேன், கணவர் நாற்பத்தெட்டு என்றார். மாதாமாதம் கட்டுவது குறையட்டும் என்பது அவர் கணக்கு. என் கணக்கு வேறு. கடன் முடியாமல் இங்கே வண்டியை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. வேலை போனால் விசா போகும், விசா போனால் வண்டியை விற்க வேண்டும், விற்க வேண்டுமானால் கடனை அடைக்க வேண்டும். எல்லாம் ஒரே சில மாதத்துக்குள். ஊருக்குக் கொண்டுபோகலாமே என்று அம்மா அப்பாவியாகக் கேட்டாள். ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கிற வண்டியை, அதுவும் மூன்று வயது தாண்டியதை, இந்தியாவுக்குள் விடமாட்டார்கள். இங்கே நாங்கள் வாங்குகிற கட்டில், பீரோ, பிரிட்ஜ் எல்லாமே யாரோ ஒருவர் அவசரமாக விற்றுவிட்டுப் போனதுதான். எங்களுக்கு இந்த பைலட்டை விற்ற பெண்மணி, சாவியைக் கொடுக்கும்போது, முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த சின்னப் பிள்ளையார் ஸ்டிக்கரை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். நகத்தால் பாதிதான் வந்தது. பாதிப் பிள்ளையார் எங்களோடு இருக்கிறார். முப்பத்தாறு மாதமே போட்டோம்.

2024 டிசம்பரில் அவர்கள் மறுபடி வந்தார்கள். விமான நிலைய பார்க்கிங்கில் அம்மா பின்கதவு முன்னால் நின்று, வண்டிக்கு முதுகைக் காட்டி, சேலையை ஒதுக்கி, சாய்ந்தாள். உட்கார்ந்துவிட்டாள். காலை உள்ளே திருப்பிக்கொண்டு, "ம், போவோம்" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அதற்காக நான் ஏழு மாதம் இஞ்ச் டேப்போடு அலைந்தது அவளுக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும். அவர் என்னைப் பார்த்து ஒரு கண்ணை மட்டும் சிமிட்டினார்.

அந்தத் தடவை அம்மா ஒரு நாளும் வீட்டில் கிடக்கவில்லை. ஜெபல் அலி கோயில், குளோபல் வில்லேஜ், சும்மா லுலுவுக்கு, ஒன்றும் வாங்காமல்.

அப்பாவோடு வண்டி ஓட்டுவது தனிக் கதை. இங்கே டிரைவர் இடதுபக்கம். முன்னால் உட்கார்கிறவர் வலதுபக்கம். அதாவது அப்பா முப்பது வருடம் உட்கார்ந்த அதே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், முன்னால் ஸ்டியரிங் இல்லை. ஷேக் முகமது பின் ஜாயித் ரோட்டில் முன்னால் ஒரு லாரியின் சிவப்பு விளக்கு எரிந்தால் எனக்கு முன்பே அவர் வலதுகால் தரையை அழுத்தும். லேன் மாறினால் கை தானாகத் தொடையில் கியர் போடும். முதல் வாரம் கால் வலிக்கிறது என்றார். இல்லாத பிரேக்கை நாளுக்கு நூறு தடவை மிதித்தால் வலிக்காதா?

ஜனவரியில் ஜெபல் ஜைஸ் போனோம். அமீரகத்தின் மிக உயரமான மலை, ஏறத்தாழ ஆயிரத்துத் தொள்ளாயிரம் மீட்டர். கீழே இருபத்திரண்டு டிகிரி, மேலே சால்வை வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்பா ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு, அகலமான வழவழப்பான அந்தத் தார்ரோட்டை ஏளனமாகப் பார்த்தார். அவர் மாஞ்சோலை பஸ் ஓட்டியவர். மணிமுத்தாறு தாண்டி ஊத்து, குதிரைவெட்டி வரை, ஒரு பஸ் போனால் மறு பஸ் ஒதுங்க இடமில்லாத பாதையில். "இதுல மலை எங்கம்மா இருக்கு? ஏர்போர்ட் ரன்வேய மடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு."

ஆனால் இறங்கும்போது பேச்சை நிறுத்திவிட்டார். மூன்றாவது வளைவில், "பிரேக்கையே மிதிச்சுட்டு வாராத. சூடாகிடும். கியரக் குறை, எஞ்சின் பிடியில விடு" என்றார் மெதுவாக. குறைத்தேன். ஆறு சிலிண்டரும் ஒருமுறை உறுமிவிட்டு வண்டி தானாக நிதானத்துக்கு வந்தது. பின்னால் மாப்பிள்ளை வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா கொடுக்காப்புளி மரம் ஒன்றுகூட இல்லாத மலையை நம்பமுடியாமல் பார்த்துக்கொண்டு வந்தாள். அப்பாவின் வலதுகாலைக் கவனித்தேன். தரையில் அசையாமல் இருந்தது. அடிவாரம் வரை அது அசையவில்லை.

பெட்ரோல் எட்டு கிலோமீட்டர் கொடுக்கிறது, நெடுஞ்சாலையில் பத்து. 2025 ஜனவரி கடைசியிலிருந்து சாலிக் சுங்கம் நெரிசல் நேரத்தில் 4 திர்ஹத்திலிருந்து 6 ஆகிவிட்டதால், நான் அலுவலகத்துக்குச் சுற்றுவழியில் போகிறேன். கட்டிடத்தின் அடித்தளத்தில் தூணை ஒரு தடவை உரசியிருக்கிறேன். தூணுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவர்கள் போனபிறகு மூன்றாவது வரிசை பெரும்பாலும் மடங்கித்தான் கிடக்கிறது. வருடத்தில் இரண்டு மாதத்துக்காகப் பத்து மாதம் எட்டு சீட்டைச் சுமந்துகொண்டு ஓடுகிறோம் என்று கணவர் ஒருநாள் கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு சரிதான்.

வெள்ளிக்கிழமை இரவு ஊருக்குப் பேசும் நாள். அப்பா பேரப்பிள்ளைகளை விசாரிப்பதற்கு முன்னால், "மீட்டர் எவ்வளவு?" என்பார். போன வாரம், தொண்ணூற்றெட்டாயிரத்து நானூறு என்றேன்.

"ஒரு லட்சம் நெருங்குதே. டைமிங் பெல்ட் மாத்தணும்லா?"

இந்த எஞ்சினில் ரப்பர் பெல்ட்தான், சங்கிலி இல்லை. குளிர்ந்த ஊரில் இன்னும் ரொம்ப தூரம் ஓடும். நாற்பத்துமூன்று டிகிரிக்கு மேலே ஓடுகிற ஊரில் ஒரு லட்சத்திலேயே மாற்றச் சொல்கிறது கையேடு. இது அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். போன தடவை வந்தபோது டேஷ்போர்டுப் பெட்டியில் இருந்த அந்தத் தடிப் புத்தகத்தை, நான் அலுவலகம் போன நேரத்தில், பேத்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

"அடுத்த மாசம் மாத்திடுதேன்ப்பா."

"பெல்ட்டோட தண்ணி பம்பையும் மாத்தச் சொல்லு, ரெண்டு கூலி ஆகாது. என்ன தேதின்னு சொன்ன? இரு, நோட்டுல எழுதிக்கிடுதேன்."